திருகோணமலையில் ஒரு தனிப்பகல்: நாட்குறிப்பு வாசிக்கப் புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

நாட்குறிப்பை நாவல் மாதிரி வாசிக்கப் போனால் பத்தாம் பக்கத்திலேயே கொட்டாவி வரும். அடுத்து என்ன நடக்கும் என்ற இழுப்பு அதில் இல்லை. எழுதியவருக்கே நாளைக்கு என்ன என்று தெரியாது. இன்றைக்கு மழை, அரிசி விலை ஏறிவிட்டது, இன்னார் வந்து போனார், வயிற்றுவலி. அவ்வளவுதான் ஒரு நாள். இந்த வரிகளுக்கு நடுவில் வாசிப்பவரின் மனம் தானாகவே எங்கேயாவது போகும். ‘எனக்குக் கவனம் நிற்கவில்லை’ என்று தங்களைத் தாங்களே திட்டிக்கொண்டு புத்தகத்தை மூடிவைப்பவர்கள் ஏராளம். நாட்குறிப்பு வாசிப்பில் பாதி வேலை அந்த அலைச்சலில்தான் நடக்கிறது. அதை மறிக்க வேண்டாம். திரும்பி வரும் வழியைக் குறித்துக்கொண்டால் போதும். அதற்கு ஒரு முழுப் பகலும், கதவைச் சாத்தக்கூடிய ஓர் இடமும், ஒரு கொப்பியும், ஒரு பென்சிலும் வேண்டும். முக்கியமாக, முதல் நாளே செய்துவைக்க வேண்டிய சில வேலைகள் உண்டு.

நாளும் காலமும்

போயா தினம், அதாவது பௌர்ணமி விடுமுறை, என்றுதான் எல்லாருக்கும் முதலில் தோன்றும். அது சரிவராது. போயாவன்று வீட்டில் எல்லோரும் இருப்பார்கள், சொந்தக்காரர் வருவார்கள், பொது நூலகம் பூட்டியிருக்கும், வான் பிடித்து வரும் வெளியூர்க் கூட்டம் கோணேசர் கோவில் வீதியையும் கடற்கரையையும் நிரப்பியிருக்கும். செவ்வாய், புதன் போன்ற ஒரு வேலை நாளில் லீவு போடுங்கள். பிள்ளைகள் பாடசாலைக்கும் மற்றவர்கள் வேலைக்கும் போனபின் வீடு உங்களுக்குத்தான்.

மாதத்தையும் பார்க்க வேண்டும். மே கடைசியிலிருந்து செப்டம்பர் வரை கச்சான் காற்று. தென்மேல் பருவக்காற்று மலைநாட்டில் மழையைக் கொட்டிவிட்டு, ஈரம் இழந்து, சூடேறி இந்தப் பக்கம் இறங்குகிறது. நண்பகலில் அது அடிக்கும்போது காகிதம் மொடமொடத்துப்போகும், தலை கனக்கும், ஒரு வரி கூட உள்ளே போகாது. அந்த மாதங்களில் அதிகாலை 5.30 தொடங்கி 10.30 வரை வாசித்துவிட்டு, பிறகு மாலை நாலரைக்குத்தான் மறுபடி உட்கார வேண்டும் (கீழே வரும் ஐந்து மணிக் கணக்கு மற்ற மாதங்களுக்கு). ஒக்டோபர் தொடங்கித் தை நடுப்பகுதி வரை வாடை மழை. வெளியே போக முடியாது, அது ஒருவகையில் நல்லதே. ஆனால் மின்சாரம் போகும், மதியமே இருட்டும், பழைய கொப்பிகள் ஈரத்தில் ஊறும். மழை ஓய்ந்து வெயில் ஏறாத மாசி மாதம்தான் முதல் முயற்சிக்குத் தோதானது. பங்குனி உத்தரத்தை ஒட்டிக் கோணேசர் கோவில் திருவிழாக் காலம். அப்போது நகரத்துக்குள் அமைதியைத் தேடுவது வீண்வேலை.

வீட்டில் சொல்வது எப்படி என்பது தனிப் பிரச்சினை. நம் வீடுகளில் ஒருவர் ‘நான் இன்றைக்குத் தனியாக இருக்கப் போகிறேன்’ என்றால் சண்டை என்றோ சுகமில்லை என்றோதான் புரிந்துகொள்வார்கள். அம்மா மூன்று தரம் வந்து நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார். ஆகவே இரண்டு நாள் முன்பே, காரணத்தோடும் நேரத்தோடும் சொல்லுங்கள்: ‘புதன்கிழமை காலையிலிருந்து மாலை ஐந்து மணி வரை வாசிக்கப் போகிறேன். ஐந்து மணிக்குத் தேத்தண்ணிக்கு வருவேன்.’ முடியும் நேரத்தைச் சொல்வதுதான் முக்கியம். அது தெரிந்தால் யாரும் கதவைத் தட்ட மாட்டார்கள். அவசரம் என்றால் பக்கத்து வீட்டு எண்ணுக்கோ வீட்டில் இருக்கும் ஒருவரின் எண்ணுக்கோ அழைக்கும்படி நெருங்கியவர்களிடம் சொல்லிவையுங்கள்.

இடம்

வீட்டில் என்றால் வடக்குப் பார்த்த சாளரம் உள்ள அறை நல்லது. மாசியில் அங்கே நேர் வெயில் பக்கத்தில் விழாது, வெளிச்சம் பகல் முழுக்க ஏறக்குறைய ஒரே அளவாக இருக்கும். கட்டிலில் படுத்துக்கொண்டு தொடங்க வேண்டாம். சாய்மனைக் கதிரையும் மதியத்துக்குப் பிறகுதான். காலையில் நேரான கதிரை, மேசை. மின்விசிறியை உங்கள் காலுக்குத் திருப்பிவிடுங்கள். முகத்துக்கு நேராக வைத்தால் பக்கங்கள் பறக்கும், கண்ணும் வரண்டுபோகும்.

வெளியே போக நினைப்பவர்களுக்கு இரண்டு எச்சரிக்கைகள். டச் பே கடற்கரை கிழக்குப் பார்த்தது. காலையில் வெயில் நேரே முகத்தில் அடிக்கும், மாலையில்தான் நகரத்தின் பின்னால் சூரியன் இறங்கி மணல் ஆறும். அதனால் அந்த இடம் மாலை நடைக்கு, வாசிப்புக்கு இல்லை. உப்புக்காற்றில் நூல்கட்டுப் போட்ட பழைய புத்தகத்தை ஒருபோதும் விரிக்காதீர்கள். பிரெட்ரிக் கோட்டைக்குள் மரநிழல் தாராளமாக இருக்கிறது. ஆனால் அது இன்றும் இராணுவ முகாம். கோவிலுக்குப் போகும் வீதியைவிட்டு விலகி உட்காரத் தேட வேண்டாம். அங்கே திரியும் புள்ளிமான்கள் சாப்பாட்டுப் பையை முகர வரும், காகிதத்தையும் விட்டுவைக்கா. அதிலும் பழகிய மான்களுக்கு மனிதர் மேல் துளி மரியாதை கிடையாது.

முதல் நாள் இரவு எடுத்துவைக்க வேண்டியவை

வாசிக்கப் போகும் நாட்குறிப்பு ஒன்றே ஒன்று. இரண்டாவது புத்தகத்தை மேசையில் வைத்தால் முதலாவது சலிக்கும் நிமிடத்தில் கை அங்கே போகும். 80 பக்க ஒற்றை ரூல் கொப்பி ஒன்று, எச்பி பென்சில் இரண்டு, சீவி. பேனை வேண்டாம். பழைய தாளுக்குப் பக்கத்தில் மை திறந்திருப்பதே ஆபத்து. வெள்ளைத் தாளை இரண்டு விரல் அகலத்தில் கிழித்துப் பத்துப் பன்னிரண்டு துண்டுகள் வையுங்கள், பக்க அடையாளத்துக்கு. ஒட்டும் மஞ்சள் துண்டுகள் பழைய தாளில் பசையை விட்டுப்போகும். ஒரு பருத்தித் துணி கை துடைக்க, வியர்வைதான் இங்கே தாளுக்கு முதல் எதிரி. கைக்கடிகாரம் அல்லது மேசை மணிக்கூடு அவசியம். இல்லாவிட்டால் நேரம் பார்க்கப் போனை எடுப்பீர்கள், அதோடு பகல் முடிந்தது. போனை அணைத்து வேறு அறையில், அலுமாரிக்குள் வையுங்கள். ‘சைலன்டில் போட்டு மேசையிலேயே வைத்திருக்கிறேன்’ என்பது வேலைக்காகாது. கவிழ்த்து வைத்தாலும் கண் அங்கேயே இருக்கும்.

சாப்பாட்டைக் காலையிலேயே முடித்துவையுங்கள். காலைக்கு இடியப்பமும் சொதியும். மதியத்துக்குச் சோறு குறைவாக, பருப்பு, ஒரு கீரை. மீன்குழம்பும் பொரியலும் வைத்து வயிறு நிறையச் சாப்பிட்டால் ஒன்றரை மணிக்குக் கண் சொக்கும், எழும்போது மூன்றரை. குடிநீர் 2 லீற்றர், பிளாஸ்கில் இஞ்சி போட்ட வெறுந்தேத்தண்ணி. பால்தேத்தண்ணிக்கு ஒவ்வொரு முறையும் குசினிக்குப் போக வேண்டிவரும், குசினிக்குப் போனால் கழுவாத கோப்பை கண்ணில் படும், அப்புறம் அரை மணித்தியாலம் போய்விடும்.

எந்த நாட்குறிப்பு

உங்கள் சொந்தப் பழைய டயறியை முதல் தரம் எடுக்காதீர்கள். அதில் வருகிற ஒவ்வொரு பெயரும் ஒரு வழக்கைத் திறக்கும். மனம் அலைவதற்குப் பதிலாக வாதாடத் தொடங்கிவிடும். வேறு காலத்து, வேறு மனிதருடைய நாட்குறிப்பில் தொடங்குவது நல்லது.

தமிழில் அதற்கு ஆனந்தரங்கப் பிள்ளையைவிடப் பெரிய வாசல் இல்லை. புதுச்சேரியில் பிரெஞ்சு ஆளுநர் டியூப்ளேயிடம் துபாசியாக, அதாவது மொழிபெயர்ப்பாளரும் வணிகத் தரகருமாக, இருந்தவர். 1736 செப்டம்பர் 6 இல் தொடங்கி, 1761 ஜனவரியில் இறக்கும் வரை, ஏறக்குறைய இருபத்தைந்து ஆண்டு எழுதியிருக்கிறார். ஆங்கில மொழிபெயர்ப்பு மட்டும் 12 தொகுதிகள், 1904 தொடக்கம் 1928 வரை சென்னையில் அச்சானது. தமிழ்ப் பதிப்பு கிடைத்தால் தமிழிலேயே வாசியுங்கள். முதல் பக்கத்திலிருந்து வரிசையாகப் போக வேண்டாம். ஒரு மாதத்தைத் தெரிவுசெய்யுங்கள், அதுவும் ஊருக்குத் தொடர்பான மாதமாக. 1746 ஜூலையை எடுத்தால், நாகப்பட்டினக் கடலில் பிரெஞ்சுக் கப்பல்களோடு மோதிய ஆங்கிலக் கப்பற்படை பழுது பார்க்க ஒதுங்கியது ஒல்லாந்தர் கையிலிருந்த நம்முடைய திருகோணமலைத் துறையில்தான். அந்த நாட்களில் புதுச்சேரியில் இருந்து எழுதிய ஒருவரின் பக்கங்களை இந்தக் கரையில் இருந்து வாசிப்பது தனி அனுபவம். ஆங்கிலக் கப்பல்கள் எங்கே போயின என்று அங்கே கேட்டுக்கொண்டிருந்த கேள்விக்கு விடை இங்கே நங்கூரம் போட்டு நின்றிருக்கிறது.

பிள்ளையின் தமிழ் முதலில் தடுக்கும். வாக்கியங்கள் முடிவில்லாமல் நீளும். பாரசீகச் சொல்லும் பிரெஞ்சுப் பெயரும் தமிழ் நாக்குக்கு ஏற்ப உருண்டு கிடக்கும். கண்ணால் வாசித்தால் முட்டும். வாய்விட்டு வாசித்தால் மூச்சு முடியும் இடத்தில் பொருளும் முடியும். முதல் இரண்டு பக்கத்தைச் சத்தமாகவே வாசியுங்கள். தனியாக இருப்பதன் முதல் இலாபம் அது, கேட்டுச் சிரிக்க யாருமில்லை.

நாட்குறிப்புக்கும் நினைவு நூலுக்கும் உள்ள வித்தியாசத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். நினைவு நூல் எழுதுபவருக்கு முடிவு தெரியும். ஆங்கிலேய மாலுமி றொபேட் நொக்ஸ் நல்ல உதாரணம். 1659 நவம்பரில் மசூலிப்பட்டினத்தில் அடித்த புயலில், அவரும் தகப்பனும் வந்த கப்பலின் பாய்மரத்தை வெட்டிவிட நேர்ந்தது. அதைச் சரிசெய்யத் திருகோணமலைக்குத் தெற்கே உள்ள கொட்டியாரக் குடாவுக்கு வந்த இடத்தில், 1660 இல் கண்டி அரசனின் ஆட்களிடம் தகப்பனும் மகனும் பிடிபட்டார்கள். மகன் தப்பி, மன்னார்ப் பக்கம் அரிப்பு என்ற ஊரில் இருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தது 1679 ஒக்டோபரில். 1681 இல் இலண்டனில் வந்த அவருடைய நூல் பின்னால் நினைந்து எழுதியது. அதனாலேயே அதில் காரண காரியம் ஒழுங்காக இருக்கிறது, நாட்குறிப்பில் இருக்கும் தடுமாற்றம் இல்லை. ஆனாலும் தனிப்பகல் வாசிப்புக்கு அவர் ஒரு முன்னோடி என்றே சொல்லலாம். கையில் இருந்தவை இரண்டே இரண்டு பக்திப் புத்தகங்கள். சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்றை எடுத்துக்கொண்டு வயல் வெளிக்குப் போய், மரத்தடியில் மாலை வரை வாசித்தும் யோசித்தும் இருப்பது அவர் வழக்கம். இரண்டும் மனப்பாடமாகிவிட்ட காலத்தில் கிழவர் ஒருவரிடம் ஆங்கில பைபிள் ஒன்று இருப்பது தெரிந்து, தான் பின்னிய தொப்பியைக் கொடுத்து வாங்கினார். புத்தகம் போதாது என்று நினைப்பவர்கள் இதை ஒருதரம் நினைத்துப் பார்க்கலாம்.

உட்கார்ந்து வாசிப்பது

பகலை மூன்று அமர்வாகப் பிரியுங்கள். காலையில் இரண்டு, பிற்பகலில் ஒன்று. ஒவ்வோர் அமர்விலும் 40 நிமிடம் வாசிப்பு, 20 நிமிடம் சும்மா, மறுபடி 40 நிமிடம் வாசிப்பு. சும்மா என்றால் சும்மாதான். துணி மடிப்பதோ வெங்காயம் உரிப்பதோ இல்லை. சாளரத்துக்கு வெளியே பார்க்கலாம், முற்றத்தில் நடக்கலாம்.

முதல் அமர்வின் முதல் அரை மணித்தியாலம் எல்லோருக்கும் மோசமாக இருக்கும். கை போனைத் தேடும், ‘நேரத்தை வீணாக்குகிறேன்’ என்று தோன்றும், மின்கட்டணம் ஞாபகம் வரும். கொப்பியின் கடைசித் தாளில் ‘மின்கட்டணம்’ என்று ஒரு சொல் எழுதிவிட்டுத் தொடருங்கள். இது பழக்கம் விடுகிற அவஸ்தை மட்டும்தான், முக்கால் மணியில் தணியும். இந்த இடத்தில் எழுந்து போகிறவர்கள் தனிமை தங்களுக்கு ஒத்துவராது என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். தனிமை அப்போது தொடங்கியே இருக்காது.

ஒரு நாள் பதிவை வாசித்ததும் கொப்பியில் நாலு விஷயம் மட்டும் குறியுங்கள்: தேதி, காலநிலை, ஆட்கள், காசு. பதிவில் காலநிலை இல்லை என்றால் கோடு போடுங்கள். சில பக்கம் போனபின் அந்தக் கோடுகளே பேசும். தினமும் மழையை எழுதியவர் ஒரு வாரம் மழையை எழுதவில்லை என்றால் வீட்டுக்குள் ஏதோ நடந்திருக்கிறது. காசும் அப்படித்தான். கணக்கு எழுதும் மனிதர் கோபத்திலும் கணக்கு எழுதுவார், எழுத்துத்தான் இறுகும்.

அலைச்சலைக் குறித்துவைக்கும் முறை

இந்தப் பகுதியைப் பழகாவிட்டால் மற்றதெல்லாம் வெறும் ஏற்பாடு.

கொப்பியின் பக்கத்தை நடுவில் மடித்து இரண்டாக்குங்கள். இடப்பக்கம் மேலே சொன்ன நாலு விஷயம். வலப்பக்கம் அலைச்சலுக்கு. வாசிக்கும்போது மனம் விலகியது தெரிந்த கணத்தில் முதலில் செய்ய வேண்டியது, நின்ற பக்க எண்ணையும் கடைசியாக வாசித்த சொல்லையும் வலப்பக்கம் எழுதுவது. அதுதான் திரும்பி வரும் வழி. பிறகு மனத்தைப் போக விடுங்கள். போய்வந்த பிறகு, போன வழியை ஒற்றைச் சொற்களாக மட்டும் எழுதுங்கள். வாக்கியம் கூடாது. வாக்கியம் எழுதத் தொடங்கினால் மனம் தன்னைத் திருத்திக்கொள்ளும், அழகாகப் பேசப் பார்க்கும், நிஜமாக எங்கே போனது என்பது மறைந்துவிடும்.

உதாரணத்துக்கு 1746 இன் ஒரு பதிவை வாசிக்கிறீர்கள், கப்பல் என்ற சொல்லில் விலகுகிறீர்கள். வலப்பக்கம் இப்படி வரலாம்: கப்பல் – வெட்டிய பாய்மரம் – நொக்ஸ் – கொட்டியாரம் – மூதூர் லோஞ்ச் – கிண்ணியாப் பாதை – அப்பாவின் குடை. ஏழு சொல். (பாலம் வருமுன் ஆட்களை அக்கரை சேர்த்த மிதவைக்குப் ‘பாதை’ என்றுதான் இங்கே பெயர்.) கப்பலில் புறப்பட்டது குடையில் வந்து நின்றது எதனால் என்று அப்போது ஆராய வேண்டாம். கடைசிச் சொல்லுக்கு அடியில் கோடு மட்டும் போட்டுவிட்டு, குறித்த பக்கத்துக்குத் திரும்புங்கள்.

வெளிச்சத்தமும் அலைச்சலில் சேரும். தெருவில் பாண் ஓட்டோ வருகிறது, பெத்தோவன் 1810 இல் எழுதிய பியானோ மெட்டை ஒலிபெருக்கியில் போட்டுக்கொண்டு. எரிச்சல்படாமல் அதையும் எழுதுங்கள்: பாண் ஓட்டோ – ஜெர்மன்காரர் – காது கேளாதவர் – பள்ளிவாசல் பாங்கு – கோவில் மணி. காது கேளாத ஒருவரின் மெட்டில் பாண் விற்கிற நாடு நம்முடையது என்பது அன்றைய பகலின் நல்ல கண்டுபிடிப்பாக இருக்கலாம். அதற்காக நாட்குறிப்பை வைத்துவிட்டுப் பாண் வாங்க ஓடக்கூடாது.

கேள்வி எழும். ‘கிண்ணியாப் பாலம் திறந்தது எந்த ஆண்டு?’ இப்போதே பார்த்தால் என்ன என்று தோன்றும். பார்க்கப் போனால் விடை 2009 என்று பத்து நொடியில் வரும். அதைத் தொடர்ந்து பாலத்தின் படம், படத்துக்குக் கீழே விளம்பரம், விளம்பரத்துக்குக் கீழே செய்தி. குடை போய்விட்டது. கேள்விகளைக் கொப்பியின் கடைசித் தாளில் எண் போட்டு எழுதுங்கள். அவை மறுநாளுக்கு.

அலைச்சலும் கவலையும் ஒன்றில்லை. அலைச்சல் இடம் மாறிக்கொண்டே இருக்கும், கவலை ஒரே இடத்தைச் சுற்றும். வலப்பக்கத்தில் ஒரே சொல் மூன்றாம் தரம் வந்தால் அது கவலை. தனித்தாளில், ‘வியாழக்கிழமை காலை வங்கிக்குப் போவது’ என்று செய்யக்கூடிய ஒரு வேலையாக அதை எழுதி அறைக்கு வெளியே வையுங்கள். செய்யக்கூடிய வேலையாக அதை எழுதவே முடியவில்லை என்றால், அன்று தனியாக இருப்பதை நிறுத்திவிட்டு நம்பிக்கையான ஒருவரோடு பேசுவதுதான் சரி.

தேதியில் வரும் சிக்கல்

பழைய நாட்குறிப்பில் தேதி அடிக்கடி இடறும். பிள்ளையின் தொடக்கப் பதிவு நள வருடம் ஆவணியில். 60 ஆண்டுச் சுற்றில் ஒரு வருடப் பெயர் எந்த ஆங்கில ஆண்டு என்று பார்க்க, பஞ்சாங்கத்தில் அந்தப் பெயரின் வரிசை எண்ணை எடுத்து ஒன்றைக் கழியுங்கள். சுற்றின் முதல் வருடமான பிரபவ தொடங்கிய 1867, 1927, 1987 ஆகியவற்றில் பொருத்தமானதோடு கூட்டுங்கள். விகாரி 33 ஆவது. 32 ஐக் கூட்டினால் 1959 அல்லது 2019. தாத்தாவின் கொப்பி என்றால் 1959 தான். ஆனால் தை, மாசி, பங்குனிப் பதிவுகள் அடுத்த ஆங்கில ஆண்டில் விழும், மார்கழியின் பின்பாதியும் அப்படியே. விகாரி தை என்றால் 1960. வீட்டுக் கல்யாணத் தேதிகள் ஓராண்டு பிசகுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். முஸ்லிம் குடும்பக் கொப்பிகளில் ஹிஜ்ரி ஆண்டு இருக்கும். அது சூரிய ஆண்டைவிடச் சுமார் 11 நாள் குறைவானது என்பதால் நேரே கழித்துப் பார்க்க முடியாது, மாற்று அட்டவணை வேண்டும்.

ஐரோப்பியர் பதிவுகளில் வேறொரு பொறி. ஆங்கிலேயர் 1752 வரை பழைய நாட்காட்டியில் இருந்தார்கள், பிரெஞ்சுக்காரர் புதியதில். சென்னை பிரெஞ்சுக்காரரிடம் விழுந்தது பிரெஞ்சுக் கணக்கில் 1746 செப்டம்பர் 21, ஆங்கிலக் கணக்கில் செப்டம்பர் 10. இரண்டும் ஒரே நாள். போதாததற்கு ஆங்கிலேயருக்கு அப்போது ஆண்டு பிறப்பது மார்ச் 25 இல். நொக்ஸின் தகப்பன் இறந்தது 1660 பெப்ரவரி என்று எழுதியிருந்தால் நம் கணக்கில் அது 1661. பிடிபட்டதற்கு முன்பே இறந்தாரா என்று குழம்ப வேண்டாம்.

வீட்டில் கிடைத்த பழைய கொப்பி

ஓரளவு பழகியபின் எல்லோரும் இங்கேதான் வருவார்கள். போரிலும் 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையிலும் இந்தக் கரையில் எத்தனையோ குடும்பங்களின் எழுத்து போய்விட்டது. மிஞ்சிய ஒரு சீஆர் கொப்பி (தடித்த அட்டைக் கொப்பி) என்றாலும் பொக்கிஷம்தான். உயிரோடு இருப்பவரின் டயறியை அவர் அனுமதி இல்லாமல் திறக்காதீர்கள். மறைந்தவருடையது என்றால், வீட்டில் மூத்தவரிடம் ஒரு சொல் கேட்டுவிட்டுத் திறவுங்கள்.

பக்கங்கள் ஒட்டியிருந்தால் பிரிக்க இழுக்காதீர்கள். வெயிலிலும் காயப்போட வேண்டாம், தாள் சுருளும், மையும் வெளுக்கும். நிழலில், மின்விசிறி மெதுவாகச் சுழலும் அறையில், கொப்பியை விசிறி மாதிரி நிறுத்தி இரண்டு மூன்று நாள் விடுங்கள். ஈரம் இன்னும் இருந்தால் பத்துப் பக்கத்துக்கு ஒன்றாக வெள்ளை உறிஞ்சுதாள் வைத்து, சில மணித்தியாலத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். செய்தித்தாள் வைத்தால் அதன் மை இதில் ஏறும். பூஞ்சை பிடித்திருந்தால் முகக்கவசம் போட்டு, வீட்டுக்கு வெளியே, காய்ந்த மென்மையான தூரிகையால் வெளிநோக்கித் தட்டுங்கள். ஈரத்துணி பட்டால் பூஞ்சை தாளுக்குள் இறங்கும். பேனை மை தண்ணீருக்கு ஓடும், குமிழ்முனைப் பேனை எழுத்து அவ்வளவாக ஓடாது. எது எதில் எழுதியது என்று பார்த்துக்கொண்டு தொடுங்கள். வாசிக்குமுன் ஒவ்வொரு பக்கத்தையும் சாளர வெளிச்சத்தில், பிளாஷ் இல்லாமல், போனில் படம் எடுத்துவையுங்கள். இது வேறொரு நாள் வேலை. தனிப்பகலன்று போன் அலுமாரிக்குள்தான்.

1983, 1990, 2004 தொடக்கம் 2009 வரையிலான ஆண்டுகளின் கொப்பிகளைத் தனியாக, ஒரு முழுப் பகல் வைத்து வாசிக்க வேண்டாம். இடம்பெயர்வும் சாவும் ஒரு வரியில், அரிசி விலைக்குப் பக்கத்தில் எழுதப்பட்டிருக்கும். எச்சரிக்கையே இல்லாமல் அது வந்து முகத்தில் அறையும். ஒரு மணித்தியாலம் மட்டும், வீட்டில் இன்னொருவர் இருக்கும்போது வாசியுங்கள்.

பிற்பகலும் மாலையும்

பிற்பகல் மூன்று மணி கடினமான நேரம். வெயில், நிறைந்த வயிறு, தெருவில் ஆளில்லை. தனிமை முதன்முறையாகப் பாரமாகத் தெரிவது இப்போதுதான். அந்த நேரத்துக்குப் புதிய பக்கங்களை வைக்காதீர்கள். காலையில் வாசித்த பதிவுகளில் மூன்றை மட்டும், சாய்மனைக் கதிரையில் இருந்து மறுபடி வாசியுங்கள். காலையில் வெறும் கணக்காகத் தெரிந்த வரி பிற்பகலில் ஆளைக் காட்டும். தூக்கம் வந்தால் 20 நிமிடம் தூங்கலாம், மணிக்கூட்டில் அலாரம் வைத்து.

நாலே முக்காலுக்குப் புத்தகத்தை மூடுங்கள். ஐந்து மணிக்கு வருவதாகச் சொன்னீர்கள், அதன்படி வாருங்கள். ஒருதரம் பிந்தினால் அடுத்த முறைக்கு அனுமதி கிடைக்காது. தேத்தண்ணிக்குப் பிறகு டச் பே பக்கம் முக்கால் மணித்தியாலம் நடக்கலாம், கொப்பியும் பென்சிலும் வீட்டில் இருக்கட்டும். இருட்டுமுன் திரும்புங்கள், நுளம்பு கிளம்பும் நேரம் அது.

இரவு சாப்பாட்டுக்கு முன் வலப்பக்கச் சங்கிலிகளைப் பாருங்கள். அடிக்கோடு போட்ட சொற்களில் ஒன்றை மட்டும் எடுத்து ஒரு பக்கம் எழுதுங்கள், இப்போது வாக்கியமாக. அப்பாவின் குடை என்றால் அந்தக் குடை: எந்தப் பாதையில், எந்த மழையில், யார் பிடித்திருந்தார். பாய்மரத்தையும் நொக்ஸையும் அதற்குள் கொண்டுவர வேண்டியதில்லை, அவை வழிகாட்டியதோடு சரி. பலர் எல்லாச் சங்கிலிகளையும் சேர்த்து ஒரு கட்டுரையாக்கப் பார்ப்பார்கள். அது பெரும்பாலும் கல்வெட்டு மாதிரி வரும், மேலே தேதியும் கீழே பெருமையும்.

மறுநாள் கடைசித் தாளின் கேள்விகளை எடுங்கள். பத்து இருந்தால் மூன்றை மட்டும் தேடுங்கள். பொது நூலகத்திலும், வீட்டு மூத்தவர்களிடமும், பிறகு இணையத்திலும், இந்த வரிசையில். மூத்தவர்களிடம் கேட்கும்போது ‘எந்த ஆண்டு?’ என்று தொடங்காதீர்கள். ‘அப்போது பாதையில் போக என்ன காசு எடுத்தார்கள்?’ என்று கேளுங்கள். ஆண்டு அவர்களுக்கு மறந்திருக்கும், காசு மறந்திருக்காது. கொப்பியை மழைக்காலத்துக்கு முன் மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டியில், ஈரம் உறிஞ்சினால் நிறம் மாறும் வகைச் சிலிக்கா பொட்டலம் இரண்டு போட்டு வையுங்கள். அதில் கறையானும் ஏறாது, வெள்ளிமீன் பூச்சியும் நுழையாது. மூன்று மாதத்துக்கு ஒருதரம் திறந்து பொட்டலத்தைப் பாருங்கள், மணியின் நிறம் மாறியிருந்தால் புதியது போட வேண்டும்.